மூன்றாவது இலை

தவக்காலம் பாதி கடந்து சூசையப்பர் திருநாள் நெருங்கும்போது எனக்கு ஒரு பயம் வந்துவிடும். இந்த வருடம் அது கூடுதல். மூன்று பேருக்கு விருந்து வைக்கும் நேர்ச்சையை அம்மா என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். பெரம்பலூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு யாரை அழைப்பது, எப்படி அழைப்பது, அழைத்தால் வருத்தப்படுவார்களோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான்கு வயது மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வாள் என்று தெரியவில்லை. நான் முதலில் எடுத்துக்கொண்டது தவறானதை.

கைக்குழந்தையாக இருந்த எனக்கு விடாத காய்ச்சல் கண்டதால், அம்மா சூசையப்பரிடம் நேர்ந்துகொண்டாளாம். பிள்ளை பிழைத்தால் வருடந்தோறும் அவர் திருநாளில் ஏழைகளான ஒரு முதியவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூன்று பேரை அழைத்து, கால் கழுவி, புதுத்துணி கொடுத்து, சோறு போடுவதாக. அன்று ஒருநாள் அவர்கள்தான் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு. அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டார் உட்கார வேண்டும். எனக்காக வைத்த விருந்தில் நான் கடைசிப் பந்தி என்பது சிறுவயதில் எனக்கு நியாயமாகப் படவில்லை.

திருமானூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் நான்காவது படித்த வருடம், திருநாளுக்கு முன்பு அம்மா என்னை அரியலூருக்குத் துணி எடுக்க அழைத்துப்போனாள். கடைக்காரர் ஒரு கவுனை எனக்குப் போட்டுப் பார்த்தார். மஞ்சள் நிறம் என்று நினைக்கிறேன். சில நாள் அது இளம்பச்சையாகவும் நினைவுக்கு வருகிறது. கழுத்தில் வெள்ளை லேஸ் இருந்தது நிச்சயம். கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் கவரை மடியில் வைத்து, லேஸை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசியில் சாலையோர மரங்களெல்லாம் வெளுத்துப்போய், சாயங்கால வெயிலில் ஏதோ வேறு தேசத்து மரங்களைப் போல நின்றன. பாதி வழியில் அம்மா சொன்னாள்.

"அது ஒனக்கில்லடி தங்கம். லூர்துக்கு. அவளுக்கும் ஒன் ஒசரந்தான."

லூர்து என் வகுப்புதான். அப்பா இல்லாத பெண். அவள் அம்மா கரும்பு வெட்டவும் களையெடுக்கவும் போவாள். அந்த வருடம் அவர்கள் இரண்டு பேரும்தான் மாதாவும் குழந்தை இயேசுவும். ஊர் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் கவரை மடியிலிருந்து இறக்கவில்லை.

திருநாளன்று முதலில் வந்தவர் கோவில் மணியடிக்கும் தாத்தா. அவர் நிரந்தரச் சூசையப்பர். வாசலிலேயே நின்று, "இந்த வருசமும் நாந்தானா, இல்ல வேற சூசையப்பர் பாத்துட்டீங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். பின்னால் லூர்துவும் அவள் அம்மாவும் சுவரோரமாக வந்தார்கள்.

அம்மா தாம்பாளத்தில் ஒவ்வொருவர் காலாக வைத்துக் கழுவ, நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். லூர்துவின் பாதங்கள் சிவந்திருந்தன. கழுவப்போகிறார்கள் என்று தெரிந்து, வீட்டிலேயே கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, செருப்பில்லாததால் தூசி படாமல் புல் பார்த்து மிதித்து வந்திருந்தாள். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாக இருந்தது. அழுக்கே இல்லாத காலை எதற்குக் கழுவுகிறோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று இலை போட்டு, சாம்பார், வடை, பாயசம். மூன்றாவது இலையில் லூர்து அந்தக் கவுனோடு உட்கார்ந்திருந்தாள். தூணருகே நின்ற என்னைப் பார்த்து மெதுவாக, "நீ சாப்புடல?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்புக்கு லூர்து அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். லேஸைத் தொட்டுப் பார்த்து, எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். "அரியலூர்ல" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததேயில்லை.

"எங்கம்மா எடுத்தது" என்றேன் நான். "அவங்களுக்கு எங்க வூட்ல காலக் கழுவி, சோறு போட்டு, நாங்கதான் குடுத்தோம்."

லேஸைத் தொட்டுக்கொண்டிருந்த கைகள் விலகின. பிறகு ஒருத்தி, "குழந்த ஏசுவே, காலு கழுவிட்டீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு முடியும்வரை அந்தக் கேலி ஓடியது. அன்று பாடம் பத்துக் கட்டளைகள். பொய் சொல்லாதிருப்பாயாக என்று நானும் உரக்கச் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் சாயங்காலம் லூர்துவின் அம்மா எங்கள் வாசலில் நின்றாள். கையில் அதே கடைக் கவர். கவுனைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

"அளவு சேரலீங்கம்மா. பாப்பாவுக்கே போடுங்க."

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "எனக்குச் சரியா இருக்கும்மா. கடையிலயே போட்டுப் பாத்தோமே. லூர்துக்குக்கூட நேத்து சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். லூர்துவின் அம்மா தரையைப் பார்த்தாள். "வரேங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"லூர்துவ என்னடி சொன்ன?"

சொன்னதை அப்படியே சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த முனையில் லூர்துவின் அம்மாவை நிறுத்திவிட்டாள். நானும் பின்னால் போய் நின்றேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம நாங்க ஒன் வூட்டுக்குச் சாப்புட வரட்டா?" என்று கேட்டாள் அம்மா. மூச்சு வாங்கியது.

"எங்க வூட்டுக்கா?"

"ஏன், சோறு போட மாட்டியா?"

"என்னத்த இருக்கும்மா எங்க வூட்ல."

"இருக்கறதப் போடு."

லூர்துவின் அம்மா தரையில் கிடந்த பூவைக் கால்விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அம்மா பயந்தது எனக்கே தெரிந்தது. கடைசியில், "லூர்துகிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் லூர்து என்னிடம் வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அம்மா வரச் சொன்னாங்க. ஒங்கப்பாவையுந்தான்" என்றாள்.

வீட்டில் நான் அதைச் சொன்னதும் அப்பா செய்தித்தாளை மடித்தார், பிறகு விரித்தார்.

"அந்தத் தெருவுல நம்ம ஆளுங்க யாரும் கை நனைச்சதில்ல. ஊருல பேசுவாங்க."

"நம்ம வூட்ல அவங்க கை நனைச்சப்ப யாரும் பேசலயே."

"அது வேற."

"என்ன வேற?" என்றாள் அம்மா. அப்பா மறுபடியும் செய்தித்தாளை மடித்தார்.

ஞாயிறு உச்சி வெயிலில் நானும் அம்மாவும் மட்டும் நடந்தோம். வாய்க்காலைத் தாண்டி, கரும்புக்கொல்லை ஓரமாக. அந்தப் பாதை முடியவே முடியாது போலிருந்தது. கரும்பின் காய்ந்த சோகை இலைகள் காற்றில் உரசும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. எங்களைப் பார்த்து அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலாக ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

சிறிய வீடு. சாணம் மெழுகிய தரை குளிர்ந்திருந்தது. மூன்று இலை போட்டிருந்தார்கள். உள்ளே நுழையும்முன் லூர்துவின் அம்மா ஒரு அலுமினியப் பேசினை வாசலில் வைத்தாள். லூர்து செம்போடு வந்து என் முன்னால் நின்றாள். அவள் பள்ளிக்கூடப் பாவாடைதான் உடுத்தியிருந்தாள்.

வாய்க்கால் சேறும் கரும்புக்கொல்லைப் புழுதியும் அப்பிய என் கால்களை அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கழுவிக்கொண்டு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. லூர்து ஊற்றினாள். பேசினில் தண்ணீர் பழுப்பாக இறங்கியது.  இன்னொரு செம்பு மொண்டு வந்தாள். பிறகு இன்னொன்று. குனிந்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் எடுத்துவிட்டாள். தண்ணீர் தெளிவாக விழும்வரை ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

நாங்கள் இலையில் உட்கார்ந்தபோது வெளியே சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. அப்பா. "உக்காருங்க சார்" என்று லூர்துவின் அம்மா மூன்றாவது இலையைக் காட்டினாள். அப்பா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "தண்ணி மட்டும் குடும்மா" என்றார். நின்றபடியே ஒரு செம்பு தண்ணீரையும் குடித்து முடித்தார். அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.  அம்மா லூர்துவின் கையைப் பிடித்து இழுத்து அந்த இலையில் உட்கார வைத்தாள்.

சோறு, புளிக்குழம்பு, முருங்கைக்கீரை. வெளியில் எங்கேயும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. குழம்பு காரம்போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கவுன் எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்து, எங்கள் இரண்டு பேருக்கும் சின்னதாகிப் போனது. அதற்குப் பிறகு அம்மா விருந்துக்கு ஆள் அழைக்கும்போது, இன்னொரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் அழைப்பாள். முடியாது என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த ஞாயிறன்று வீடு திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, பேச்சையே காணும்?" என்று கேட்டாள். லூர்துவிடம் நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவேளை அவள் எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு அது எட்டவில்லை. கழுவின கால் மறுபடியும் புழுதியாகிவிடுமே என்ற ஒரே கவலையில், புல்லாகப் பார்த்துப் பார்த்து மிதித்து நடந்துகொண்டிருந்தேன்.