செங்கல் வைத்த சருகு

இரண்டு வருடங்களுக்கு முன், புரட்டாசிக் கடைசியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அங்கே அரை ஏக்கரில் பெர்மாகல்ச்சர் முறையில் பயிர் வைத்திருந்தேன். உழுவதில்லை, உரம் வாங்குவதில்லை. இலை தழையால் மண்ணை மூடி வைத்தால் போதும், மீதியை மண் பார்த்துக்கொள்ளும். பக்கத்து அரை ஏக்கரும் கிடைத்ததும், மழைக்கு முன் அதையும் சேர்த்துவிட ஆசைப்பட்டேன். வாட்ஸ்அப்பில் அழைத்ததற்கு, நாவலூர்க் கம்பெனிகளில் வேலை செய்யும் முப்பது பேர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வருவதாகச் சொன்னார்கள்.

புது மண் வெறும் மணல். மூடாக்குக்கு நிறையச் சருகு வேண்டும். கடற்கரையோரம் வேலியில்லாத சவுக்குத் தோப்பு ஒன்று இருந்தது. உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். போனில் கேட்டேன். வேண்டியதை அள்ளிக்கொள்ளச் சொன்னார்.

சனிக்கிழமை போனால், பாதி வேலை முடிந்திருந்தது. சருகு ஏற்கெனவே வாரப்பட்டு, பதினோரு குவியலாகக் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு குவியலின் மேலும் ஓர் உடைந்த செங்கல். எண்ணியதால்தான் பதினொன்று என்று சொல்ல முடிகிறது. குட்டியானை வண்டியில் இரண்டு நடை ஏற்றினோம். செங்கற்களையும் விடவில்லை, ஒரு பாத்திக்கு விளிம்பாகப் பதித்தபோது பார்க்க அழகாக இருந்தது. மாலைக்குள் சருகைப் பரப்பி, சாணிக்கரைசல் ஊற்றி முடித்தோம்.

கடைசி நடையில் வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாலைத் திருப்பத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா வாசலில் நின்றிருந்தார். எங்கள் தோட்டத்துக்கு எப்போதும் அவர் கடைச் சாப்பாடுதான். நான் கையாட்டி, "நாளைக்கு முப்பது பேர்!" என்று கத்தினேன். அவரும் சிரித்துக் கையாட்டினார்.

ஞாயிறு ஒன்பது மணியாகியும் இட்லி வரவில்லை. கடை அம்மா போனை எடுக்கவில்லை. பசியோடு இருந்த முப்பது பேர் சார்பாக, சொல்ல வேண்டிய கோபத்தை வழியெல்லாம் வாக்கியமாக்கிக்கொண்டு போனேன். அவர்களில் ஓர் இளம் பெண்ணும் உடன் வந்தார். கடையில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மாவு பொங்கிக் குண்டானுக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது.

"இன்னா சார், அடுப்ப நீ அள்ளிக்கினு பூட்டு, இட்லி எங்கன்னு என்னக் கேக்கறியா?"

எனக்குப் புரியவில்லை.

"தோப்புல குமிச்சி வெச்சிருந்தேனே. மேல செங்கல்லு இருந்துச்சா, இல்லியா?"

"இருந்தது."

"அது இன்னா, காத்துல பறந்து வந்து குந்திக்கிச்சா?"

அந்தப் பக்கத்தில் செங்கல் வைத்தால் அது ஒருவருடையது; வேறு யாரும் தொடுவதில்லை. அவர் கடை அடுப்பில் எரிவது சவுக்குச் சருகும் மிளாறுச் சுள்ளியும்தான். மழை மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரு மாதமாக வாரிக் காயவைத்திருக்கிறார். மறுநாளைக்கு ஒரு மூட்டை கட்டலாம் என்று மாலையில் போனவர், வெறும் மணலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்.

பணம் தருகிறேன் என்றேன்.

"டப்பு எரியுமா சார்? மழ இன்னைக்கோ நாளைக்கோன்னு கீது. செத்தைக்கு எங்க போவேன்? கடய மூடிக்கினு வூட்ல குந்தவா?"

கூட வந்த பெண், "சாரி ஆன்ட்டி" என்றார்.

"சாரியத் தொட்டுக்கினு நாஸ்தா துன்னு போ."

கரைசலில் ஊறிய சருகைத் திருப்பித் தர வழியில்லை. தோட்ட வேலையை அப்படியே விட்டோம். பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு முப்பத்தொரு பேரும் தோப்புக்குப் போனோம். அவரும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார். மெல்ல வாரிக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம், "கம்ப்யூட்டர் தட்டற மாரி தட்டாத மச்சான், இழு!" என்றார். பொழுது சாய்வதற்குள் எட்டுக் குவியல் தேறியது. பாத்தியிலிருந்து செங்கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்தோம். எட்டை வைத்தார். மூன்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

புதன்கிழமை மழை பிடித்தது. நாங்கள் வாரியது சரியாகக் காயாத சருகு. அந்த மழைக்காலம் முழுவதும் அவர் கடையில் புகை. கண்ணைத் துடைத்துத் துடைத்து இட்லி எடுத்து வைத்தார். போய்ச் சாப்பிட்ட நாளெல்லாம் பார்த்தேன். மூடாக்குப் போட்ட பாத்தியிலோ கத்திரி நன்றாகக் காய்த்தது. முதல் காய்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "பின்ன? என் செத்தை இல்லியா?" என்றார்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதிய செய்தியை எத்தனையோ முறை நிருபரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தோப்பின் சொந்தக்காரரிடம் கேட்ட எனக்கு, செங்கலை வைத்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. இன்று தரையில் கேட்பாரற்றுக் கிடப்பது போலத் தெரியும் எதையும் எடுக்கக் குனியும்போது, அந்தப் புகை என் கண்ணில் கரிக்கிறது.