விஸ்வகர்மா பூஜையன்று மூடிய போர்ட்

காலை ஒன்பது நாற்பது. அலிப்பூரில் என் மனைவியின் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, ஒரு ஸ்விட்சின் முகப்பில் இருந்த சிந்தூரப் பொட்டு. விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல. ஒரு மாடியின் கணினிக் கேபிள்களெல்லாம் வந்து சேரும் தட்டையான இரும்புப் பெட்டி. அதன் மேல் செண்டுமல்லிச் சரம் தொங்கியது. அவள் அதைச் சற்றுத் தூக்கிக் கட்டினாள். காற்று போகும் துளைகளை மறைக்கக் கூடாதாம்.

நம் ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் முன்பே கல்கத்தா விஸ்வகர்மா பூஜையில் தன் கருவிகளைக் கும்பிட்டு முடித்துவிடும். அன்று அலுவலகத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மதியம் கறிச்சோறு உண்டு. நாங்கள் குடியிருக்கும் பெஹாலாவிலிருந்து வரும் வழியெல்லாம் மொட்டை மாடிகளில் பட்டம் பறந்தது. அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘திதி’, அதாவது அக்கா, என்கிறார்கள். அதனால் நான் ஜாமாய்பாபு, அக்கா வீட்டுக்காரர். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அது கட்டட வரைபடம் போடும் ஒரு பொறியியல் அலுவலகம், மூன்று மாடி. மழைக்காலத்தில் மாடிகளுக்கு இடையே ஓடிய ஒரே கேபிளை எலி கடித்து, மேல் மாடி முழுக்க வேலை நின்றது. அதற்குப் பிறகு அவள் மூன்று மாடி ஸ்விட்சுகளையும் முக்கோணமாக இணைத்தாள். ஒரு கேபிள் போனாலும் இன்னொரு வழி இருக்கும். ஆனால் வழி வட்டமாக இருந்தால் எல்லோருக்கும் என்று அனுப்பிய செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி, வேறு எதற்கும் இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் முறைக்குத்தான் ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக வைத்துக்கொள்கின்றன. முக்கோணத்தில் ஒரு வழியை மூடி வைத்து, தேவைப்படும்போது திறக்கின்றன. கணக்குப் பிரிவும் வரைபடப் பிரிவும் ஒரே கேபிளில் ஒன்றை ஒன்று பார்க்காமல் போகும்படி, இரண்டுக்கும் தனித்தனி விலான், அதாவது தனி வலை, பிரித்தாள். ஒன்றுக்குக் கீழ் மாடி தலைமை, மற்றதற்கு நடு மாடி. ஒன்றுக்கு மூடிய வழி மற்றதற்குத் திறந்திருக்கும்; எந்தக் கேபிளும் முழுக்கச் சும்மா கிடக்காது. இதைச் சமையலறையில் அவள் சொன்னபோது குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. உவமை எதுவும் சொல்ல மாட்டாள். கேட்டால், “இருக்கறதைச் சொன்னா போதாதா?” என்பாள்.

மேலாளருக்கு இதில் நம்பிக்கை இல்லை. துர்கா பூஜை விடுமுறை வரை பார்ப்போம், அதற்குள் ஒரு தடவை நின்றாலும் பழையபடி மாற்றிவிடு என்று சொல்லியிருந்தார். அவள் அந்த மாதம் முழுக்க அலுவலகத் தொலைபேசி அழைப்பை முதல் மணியிலேயே எடுத்தாள்.

மதியம் பூஜை முடிந்து புரோகிதர் சங்கைக் கீழே வைக்கும் நேரத்தில் மேலாளர் வந்தார். புது வேட்டி, கையில் மூக்குக்கண்ணாடி.

“மா, என் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. நான் அப்பவே சொன்னேனா இல்லையா? நல்ல நாள்ல நிக்குது பார் உன்னோட மரம்.”

அவள் முகம் மாறவில்லை. என்னிடம் மட்டும் தமிழில், “என்னங்க, அந்த லேப்டாப் பையை எடுங்க” என்றாள்.

“எங்களுக்கு ஓடுதே!” என்று வரைபடப் பிரிவின் தலைவர் பிரசாதத் தட்டோடு கதவருகிலிருந்து சொன்னார். மேல் மாடியிலும் ஓடுகிறது என்று யாரோ படியிலிருந்து கத்தினார்கள்.

அவள் திரையைப் பார்த்தாள். நடு மாடி ஸ்விட்சில் ஒரே ஒரு போர்ட், கேபிள் செருகும் வாய், மூடியிருந்தது; மேலாளர் அறைக்குப் போகும் போர்ட். மேசைகளுக்குப் போகும் போர்ட்டுகளில் அவள் ஒரு காவல் வைத்திருந்தாள்: ஸ்விட்சுகள் தங்களுக்குள் அனுப்பும் செய்தி அங்கிருந்து திரும்பி வந்தால், அந்தப் போர்ட்டை உடனே மூடிவிட வேண்டும்.

எல்லோரும் அவர் அறைக்குப் போனோம். அவர் மேசைக்கு அடியில் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதுவும் ஒரு வகை ஸ்விட்ச்தான், இதையெல்லாம் யோசிக்கத் தெரியாத வகை. அதற்கும் பொட்டு வைத்திருந்தது. பழைய பிரிண்டருக்குப் போன கேபிளின் இரண்டு முனைகளும் அதிலேயே செருகியிருந்தன; வழி வட்டமாகியிருந்தது.

“யார் செருகினது?” என்றாள்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். “நான்தான். காலையில துடைக்கும்போது பார்த்தேன், கேபிளோட தலை தரையில கிடந்தது. இன்னிக்குப் போய் அதுல கால் படலாமா? பக்கத்துல ஓட்டை காலியா இருந்தது.”

“அதனால வாலைப் பிடிச்சு வாயில குடுத்துட்டீங்க” என்றார் வரைபடப் பிரிவுத் தலைவர்.

“நீ சும்மா இருப்பா.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “பழையபடியே இருந்திருந்தா?”

“மூணு மாடியும் நின்னிருக்கும், சார்.”

அவர் குனிந்து கேபிளைத் தானே பிடுங்கி, சுருட்டி, மேசை மேல் வைத்தார். அதற்கு ஒரு கும்பிடும் போட்டார். அவள் சிரிக்காமல் இருக்க ஜன்னல் பக்கம் பார்த்ததை நான் கவனித்தேன்.

“போர்ட்டைத் திறந்துடட்டுமா, சார்?”

“இன்னிக்குக் கருவிகளுக்கு ஓய்வு. இந்த ஆபீஸ்லயே என் அறை மட்டும்தான் சாஸ்திரப்படி நடக்குது. அப்படியே இருக்கட்டும்” என்றார். கதவு வரை போய்த் திரும்பினார். “மத்ததும் அப்படியே இருக்கட்டும், மா. பழசுக்குப் போக வேண்டாம். ஜாமாய்பாபு, வாங்க, கறி ஆறிடும்.”

அவள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். சாப்பாட்டில் மேலாளர் தன் கையாலேயே அவளுக்கு இரண்டாம் முறை உருளைக்கிழங்கு போட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் அந்தப் போர்ட்டைத் திறந்தாள்.