பஞ்சாமிர்தமும் அண்ணனின் வலது கையும்

என் அண்ணன் அம்பலவாணன் டைல்ஸ் பதிக்கிறவர். பாரிஸில் பழகிய தொழில். லண்டனுக்கு வந்த பிறகு, ரெய்னர்ஸ் லேனில் எங்கள் ஈழத்துச் சனங்களின் பாதிக் குளியலறைகள் அவர் கையால் ஆனவை. வேலை முடிந்ததும் வலது கையை மடித்து விரல் மொளியால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்ப்பார். உள்ளே இடைவெளி இருந்தால் சத்தம் மாறும். கார்க் கதவையும் தட்டுவார், என் தலையையும் தட்டுவார். “மலர், கம்பஸ் படிச்ச தலை. உள்ளுக்கை ஒண்டுமில்லை, வடிவாக் கேக்குது,” என்று நான் பல்கலைக்கழகம் போனதைச் சொல்லிச் சிரிப்பார்.

2008 மாசியில், ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது அந்தக் கை விழுந்தது. வாயும் குழறியது. வீட்டுக்காரர் உடனே அம்புலன்ஸைக் கூப்பிட்டதால், மூன்று மணித்தியாலத்துக்குள் மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மாலையில் கட்டில் கம்பியில் மெதுவாக ஒரு தட்டுக் கேட்டது. அண்ணி நகுலேஸ்வரி அழுதுவிட்டா.

டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். அண்ணனுக்குச் சீனி வருத்தம் இருந்தது. அதற்கான மருந்துக் குளிசையை நினைத்த நாளில் போடுவார். இப்போது இரத்தத்தில் சீனி பதினேழு; இந்த நாட்டு அளவில் பத்துக்குள் நிற்க வேண்டும். கட்டி கரைந்தாலும், முதல் சில நாட்களில் சீனி ஏறி நின்றால் அடிபட்ட மூளை தேறுவது கடினம். கை திரும்புவது அதனால் தடைப்படலாம் என்றார். இன்சுலின் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் சீனி ஒன்பதாக இறங்கியது. விழுங்கும் சோதனையில் தேறியதால் மசித்த சாப்பாடும் கொடுத்தார்கள்.

பின்னேரம் பதினாறு. இரவு பத்தொன்பது.

“வேறு ஏதாவது சாப்பிட்டாரா?” என்று நர்ஸ் கேட்டார். நான் அண்ணியைக் கேட்டேன். “ஒண்டும் குடுக்கேல்லை, மலர்.” அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். இன்சுலினைக் கூட்டினார்கள். மூன்றாம் நாள் கை கம்பியில் சும்மா கிடந்தது. எனக்கு இருக்க முடியவில்லை. நடைபாதையில் நடந்தேன், திரும்பி வந்து விரல்களைப் பார்த்தேன், மறுபடி நடந்தேன்.

அப்படித் திரும்பி வந்த ஒருமுறை, கோயில் தொண்டர் விஜயரத்தினம் அண்ணனின் வாயருகே கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணை குடுக்கிறியள்?”

“பிரசாதம், பிள்ளை. பஞ்சாமிர்தம். வாழைப்பழந்தானே. நேற்றும் குடுத்தனான்.”

“தேன், கற்கண்டு, சர்க்கரை எல்லாம் கிடக்கே இதுக்கை!”

“சாமியின்ரை சாமான் சாப்பாடே, மலர்?” என்றா அண்ணி. “வந்த ஆக்கள் எல்லாரும் ஒவ்வொரு கரண்டி குடுத்தவை. வேண்டாமெண்டு சொல்லேலுமே?”

“கம்பஸ் படிச்சதுகளுக்குச் சாமியும் வருத்தந்தான்,” என்று விஜயரத்தினம் டப்பாவை மூடினார்.

அண்ணன் குழறிய வாயால் சொன்னார்: “நல்லா... இருந்தது.” எல்லாரும் சிரித்தார்கள். நான் நர்ஸிடம் போனேன். கோயிலில் தரும் பழக்கலவை, நிறையச் சர்க்கரை என்றேன். எவ்வளவு என்று கேட்டார். ஒரு கரண்டி என்று வாய் வரை வந்தது. பிறகு, நேற்று வந்த பதினொரு பேரின் பெயரையும் நினைத்துப் பார்த்துச் சொன்னேன். அவர் ஏசவில்லை, எழுதிக்கொண்டார். அடுத்த நாள் சீனி எட்டுக்கு வந்தது.

பேச்சு வந்தது. கையால் கோப்பை பிடிக்க முடிந்தது, தட்ட முடியவில்லை. அந்த இரண்டு நாளாலா என்று கேட்டேன். ஒருவரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஊசி போட்டும் சிலருக்கு இவ்வளவுதான் திரும்பும் என்றார் டாக்டர். வேறு டாக்டர்களிடமும் கேட்டேன். அதே பதில்.

அந்தக் கோடையில் அண்ணன் என் வீட்டுக் குளியலறையில் இடது கையால் தட்டிப் பார்த்தார். “இது நான் பதிச்சதுதான், உள்ளுக்கை இடைவெளி கிடக்கு. கை வந்தோடனை மாத்தித் தாறன்.”

“இனிப்பெண்டு தெரிஞ்சுதானே சாப்பிட்டனியள்?”

“தெரியும். உன்ரை அண்ணி பக்கத்திலை கும்பிட்டுக்கொண்டு நிக்கிறாள். என்னெண்டு வாயை மூடுறது?”

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் படையலில் அவருக்கு விருப்பமானதெல்லாம் வைக்க வேண்டும். நேற்று அண்ணி போன் எடுத்தா. கறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தா.

“மலர், பஞ்சாமிர்தம் வைக்கலாமோ?”

“வையுங்கோ அண்ணி. நான் செய்து கொண்டுவாறன்.”

பழம் வாங்கியாயிற்று. தோல் கறுக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் நறுக்கவில்லை.