திரையில் இருந்த மேடு

நடுவில் ஊசியாய் ஒரு கோடு, அதன் இருபுறமும் சின்னச் சின்ன மேடு. எங்கள் சீஃப்பை நினைத்தாலே எனக்கு அந்தத் திரைதான் முதலில் வருகிறது. திருவொற்றியூரில், வரிசை வீடுகளை ஒட்டிய வாடகைக் கட்டடத்தில் எங்கள் பரிசோதனைக்கூடம் இருந்தது. துறைமுகத்துக்காரர்களும் ஆலைக்காரர்களும் கொண்டுவரும் கருவிகளை, பிசகாமல் துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் பெட்டியோடு ஒப்பிட்டுச் சான்று கொடுப்போம். அந்தப் பெட்டியின் சிக்னலிலேயே இரைச்சல் புகுந்துவிட்டது; திரையில் தெரிந்த மேடு அதுதான். மேலிடத்துச் சோதனை வரப்போகிறது. மேடு போகாவிட்டால் கூடத்தை மூடிவிடுவார்கள், எங்கள் எல்லோருக்கும் வேலை போய்விடும்.

இரைச்சல் என்றால் சீஃப் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குவார். ஏசி, விளக்கு, கடைசியில் எங்கள் செல்போன் சார்ஜர் வரை. வியர்வையில் ஊறிக்கொண்டு நான் மனசுக்குள் அவரைத் திட்டுவேன். இந்த முறை எல்லாவற்றையும் பிடுங்கியும் மேடு அசையவில்லை. என்ன தோன்றியதோ, பேட்டரியில் ஓடிய பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடு பாதியாக அடங்கியது. ஆக, தரை வழியாக ஏதோ அதிர்வு வருகிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில், புகையையும் சாம்பலையும் தின்று நுரையீரல் கெட்டுப்போன ஆலைத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். அவருக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் சுவரோரம் ஓடியது. அதை நகர்த்த அந்த ஒற்றை அறையில் இடமில்லை. நாங்கள் பெட்டிக்கு அடியில் ஸ்பாஞ்சு, சைக்கிள் டியூப் என்று என்னென்னவோ வைத்தும் மேடு முழுசாகப் போகவில்லை. விஷயம் தெரிந்து அவர் மனைவியே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சோதனை அன்னிக்கு கொஞ்ச நேரம் நிறுத்திக்கினா போதுமா சார்? தாங்கிக்கிறேன்னு அவரே சொல்றாரு."

"வேணாம்மா. அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கட்டும்" என்றார் சீஃப்.

எங்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சோதனைக்கு முந்தின வாரம், ஒரு நாள் காலையில் திரையைப் போட்டால் மேடு இல்லை. துடைத்து விட்டதுபோல இருந்தது. நாங்கள் கை தட்டினோம். சீஃப் திரையைப் பார்க்கவே இல்லை. சுவரில் கை வைத்தபடி நின்றார். "கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்றார். அப்புறம்தான் அந்தப் பக்கத்து அழுகை எங்களுக்குக் கேட்டது.

சான்று கிடைத்தது, வேலையும் நிலைத்தது. சீஃப் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கூடம் இப்போது மணலி புதுநகரில், அக்கம்பக்கம் வீடே இல்லாத புதுக் கட்டடத்தில் இருக்கிறது. திரையில் கோடு அத்தனை சுத்தம், வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். தினமும் காலையில் அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் கை தானாகச் சுவரைத் தொடுகிறது. அந்தப் பக்கம் யாருமில்லை.