கொல்லைப்புறத்து ஒப்பாரி

ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் ஜப்பானுக்கு ஒதுக்கியிருந்தது சில பக்கங்கள்தான். மற்ற நாட்டு ராஜாக்களை ஓட்டமாக ஓட்டிவிட்டு நான் ஜப்பானில் வந்து உட்கார்ந்துகொள்வேன். மலைக்கு ஒரு தெய்வம், ஆற்றுக்கு ஒரு தெய்வம், நெல்லுக்குள்ளும் ஒரு தெய்வம் என்று கும்பிட்ட ஜனங்கள். பின்னால் வந்த பிரபுக்களின் பெருமையை அவர்கள் நிலம் தந்த அரிசியை வைத்தே அளந்தார்கள். விளைவித்தவனுக்குத் தினைக் கஞ்சி. கீழத்தஞ்சைப் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கம் வேறு சொல்ல வேண்டுமா என்ன?

அன்றைக்கு நடத்தியது இன்னும் பழைய கதை. பெரிய இடத்தில் சாவு விழுந்தால், ஊழியம் செய்தவர்களைச் சமாதியைச் சுற்றி உயிரோடு புதைப்பார்களாம். அவர்கள் அழுகிற சத்தம் நாள்கணக்கில் கேட்குமாம். சகிக்கமாட்டாத ஒரு ராஜா, இனி ஆளுக்குப் பதில் மண்பொம்மை வையுங்கள் என்றானாம்.

"ஏன் டீச்சர், அவங்க ஓடிப் போயிருக்கலாம்ல?" என்றாள் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி.

"எங்க ஓடுறது? நின்ன மண்ணும் அவனோடது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் முகம் சுண்டிப்போயிற்று.

கோபம் அவள்மேல் இல்லை. எங்கள் ஊர்ப் பண்ணையார் செத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பண்ணை வீட்டில் சாவு என்றால் எங்கள் தெருப் பெண்கள் கொல்லைப்புறத்தில் நின்று மாரடித்து அழ வேண்டும். பிணம் எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் கூடாது. அதற்கென்றே ஒரு ஒப்பாரி உண்டு. பண்ணையாரின் பாட்டன் பூட்டன் பெருமை, ஒவ்வொரு வயலின் பெயர் என்று வரிசையாக வரும். மாமியார் அழுது மருமகள் பிடித்துக்கொள்வது அது; பண்ணையில் உழைக்கிற வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. அம்மா என்னை மட்டும் கிட்டேயே விட்டதில்லை. "இது உன் வாயில வரவே கூடாது" என்பாள்.

இந்தத் தடவை யாரும் அழப் போகக் கூடாது என்று எங்கள் தெருவின் விவசாயக் கூலிச் சங்கம் சொல்லிவிட்டது. கூலி கூட்டிக் கேட்டதற்கு வெளியூர் ஆட்களை இறக்கிக் கதிர் அறுத்துக்கொண்ட பண்ணைக்கு என்ன அழுகை வேண்டிக் கிடக்கிறது? நானும் அதையே சொன்னேன். அம்மாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த ஆளு செத்ததுக்கா நான் அழுவப் போறேன்? என் கூரைக்கு அழுவப் போறேன்டி" என்றாள்.

எங்கள் குடிசை நின்றது பண்ணை நிலத்தில். விவசாயக் கூலி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது. பட்டாதான் வரவில்லை. விசாரணைக்கு அதிகாரி வரும்போது பண்ணையாரின் மகன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் குடிசை போய்விடும் என்பது அம்மாவின் பயம்.

"சட்டம் இருக்கும்மா, பேசாம இரு."

"சட்டம் மெட்ராசுல இருக்கு. நான் இங்கல்ல இருக்கேன்."

ஆனாலும் தெருவை மீறி அவள் போகவில்லை.

அவள் பயந்தபடியேதான் நடந்தது. அடுத்த மாதம் விசாரணைக்கு வந்த அதிகாரிக்குப் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். மகன் வந்து நின்று கூசாமல் சொன்னான்: "இந்தப் பொம்பள எங்க பண்ணையில ஒரு நாள்கூட வேலை பாத்ததில்லைங்க. மக கவர்மெண்ட் டீச்சர். பாவமேன்னு குடிசை போட்டுக்க எடம் விட்டோம்."

என் சம்பளத்தையே அம்மாவுக்கு எதிராக நிறுத்திவிட்டான். தெருவே திரண்டு சாட்சி சொன்னது. "நீங்கல்லாம் ஒரே சங்கம். வேற சாட்சி இருந்தா சொல்லுங்க" என்றார் அதிகாரி. நெல்லைக் கூலியாக அளந்து போட்டவர்கள் சீட்டா எழுதித் தந்தார்கள்?

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பண்ணை வீட்டுக் கொல்லையைப் பார்த்து நின்று, ஓங்கி மாரில் அடித்துக்கொண்டாள்.

"மதகடிப் பங்குக்கு மகராசா, கோரைத்திடல் கட்டியாண்ட கோமானே..."

வாய்க்கால் வெட்டிய பூட்டன் வந்தார். குதிரை வண்டி வைத்திருந்த பாட்டன் வந்தார். வயல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில், யாரும் அழாமல் எரிந்துபோன அந்தப் பண்ணையாரும் வந்தார். பட்டப்பகலில், வெயிலில், என் அம்மா அவருக்காக அடித்துக்கொண்டு அழுதாள். சங்கத்து ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் தலை குனிந்துவிட்டான். சின்ன வயதிலிருந்து வீட்டுக்குள்ளே உட்கார்ந்து கேட்ட அழுகைதானே அவனுக்கு. "எங்க பண்ணை ஆளுதாங்க. எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். எங்க பண்ணை ஆளு! சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் கிளம்பிப் போயிற்று. அம்மா மட்டும் நிறுத்தவில்லை.

"ஆச்சும்மா, எடம் நமக்கு வந்துடுச்சு. போதும், வா" என்று தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

அப்போதுதான் காதில் ஏறியது. பண்ணையாரை அழுது முடித்துவிட்டு என் அப்பாவை அழுதுகொண்டிருந்தாள். அப்பா செத்தது நடவு சமயம். எடுத்த மறுநாளே அவளை வயலில் இறக்கிவிட்டார்கள். அழ விடவில்லை. அதே மெட்டு, அதே வரிசை. பூட்டன் பெருமை வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வயல் பெயர் வர வேண்டிய இடத்திலும் ஒன்றும் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் வெறுமனே மாரில் அடித்துக்கொண்டாள்.