இடது கையுறையின் கடைசி இரண்டு விரல்கள்

மாமாவுக்கு இடது கையில் மோதிர விரலும் சின்ன விரலும் இல்லை. அவர் ஊரிலிருந்து கிளேட்டனுக்கு வந்து எங்கள் முன்னறையில் தங்கியபோது எனக்கு ஆறு வயது. கொஞ்ச நாளிலேயே அது பழகிவிட்டது. ஒருவருக்குக் கண்ணாடி இருக்கிறது, இன்னொருவருக்கு மீசை இருக்கிறது, மாமாவுக்கு இரண்டு விரல் இல்லை. எனக்கு அவ்வளவுதான். குளிர்காலத்தில் அவருக்குக் கையுறை வாங்கப் போனபோதுதான் அது ஒரு விஷயமாயிற்று.

மாமா அம்மாவின் தம்பி. லைசென்ஸ் எடுக்காததால் பிஸ்கட் தொழிற்சாலைக்குச் சைக்கிளில்தான் போவார். அந்தச் சைக்கிள் இடப்பக்கம் இழுக்கிறது என்று அடிக்கடி சொல்வார். அப்பா அதைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றிப் பார்த்து, ஹாண்டிலை நிமிர்த்தி, தானே ஏறித் தெருக்கோடி வரை ஓடிப் பார்த்தார். அப்பாவுக்கு அது நேராகத்தான் ஓடியது. நோயில்லாத நோயாளியைப் பார்க்கும் டொக்டரின் முகத்தோடு சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்.

இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில் மாமாவின் கை விறைக்கத் தொடங்கியது. ஒருநாள் காலை ரயில் கடவையில் பிரேக்கை அழுத்த முடியாமல், இறங்கிக்கொண்டிருந்த தடையில் போய் முட்டி நின்றார். விஷயம் கேட்டு அம்மா முதலில் அழுதார், பிறகு ஏசினார். நல்ல கையுறை வாங்கும் வரை சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சைக்கிள் இல்லையென்றால் மாமாவுக்கு வேலை இல்லை. அந்தச் சனிக்கிழமையே அம்மாவும் மாமாவும் நானும் கடைக்குப் போனோம்.

கம்பளிக் கையுறைக்குள் காற்றுப் புகுந்தது. பனிச்சறுக்குக் கையுறை தலையணை மாதிரி இருந்தது, அதைப் போட்டால் பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கடைக்காரப் பெண் மாமாவின் கையைப் பார்த்தும் பாராததுபோல் உள்ளே போய், நண்டுக் கொடுக்கு மாதிரிப் பிளந்திருந்த ஒன்றைக் கொண்டுவந்தாள். விரல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தால் சூடு போகாதாம். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மாமா அதைப் போட்டுப் பார்த்தார், கழற்றி வைத்தார், ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கறுப்புக் கையுறை ஒன்றை எடுத்தார். காற்றுப் புகாதது, உள்ளே பஞ்சுபோல் துணி வைத்தது.

"சரி, அந்த ரெண்டு விரலையும் மடிச்சுத் தைச்சு விடுறன், இல்லாட்டி காத்தில ஆடும்" என்றார் அம்மா.

"தைக்காதை அக்கா. இருக்கிற விரலுகளை விட அதுகளுக்குத்தான் கூடக் குளிருது."

அம்மா கையுறையை எடுத்துக்கொண்டு காசு கட்டப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த விரல்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டேன்.

"ஒராள் வைச்சிருக்கிறா" என்றார் மாமா.

"ஏன் திருப்பித் தரேல்ல?"

"விடமாட்டா. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறா. குளிர் எண்டால் இன்னும் இழுக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சைக்கிள் ஏன் இடப்பக்கம் போகிறது என்று அப்பாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு மாமா புறப்படும்போதெல்லாம் யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பேன். காலைப் பனிப்புகாருக்குள் சைக்கிள் போகும். கையுறையின் வெறும் விரல்கள் இரண்டும் பின்னால் வளைந்து நிற்கும். காற்று இல்லாத நாட்களிலும் அவை வளைந்து நின்றதாகத்தான் எனக்கு ஞாபகம்.

ஒரு காலையில் ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் கையுறைகள் கிடந்தன. இடது கையுறையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் நிரம்பியிருந்தன. தொட்டுப் பார்த்தேன். உள்ளே விரல் இருந்தது. சூடாகவும் இருந்தது. அவற்றை வைத்திருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், நாங்கள் தூங்கும்போது வீட்டுக்குள் வந்திருக்கிறார். திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். குசினியில் அம்மா ஒன்றும் நடக்காததுபோல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதாக மாமா சொன்னார். வலது கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நான் அவருக்கு இடப்பக்கம். புகார் அப்படி ஒரு புகார், எதிர்வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. அந்த ஆள் அதற்குள் எங்கேயோ நிற்கிறார் என்ற பயத்தில் மாமாவின் கையைப் பிடித்தேன். என் கைக்கு அகப்பட்டவை அந்த இரண்டு விரல்கள்தான்.

மாமா நின்றுவிட்டார். சைக்கிள் சரிந்து விழுந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எப்போதும் என்னை "மருமகள்" என்று கேலியாகக் கூப்பிடுகிறவர், நான் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்:

"மெல்ல நட, பிள்ளை. தண்ணி ஆழம்."

குனிந்து பார்த்தேன். உலர்ந்த நடைபாதை. ஓரப் புல்லில் உறைபனி. ஆனாலும் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் நடந்தேன். மாமாவும் அப்படித்தான் நடந்தார்.

சூடு வந்தது அரிசியிலிருந்து என்று வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். பழைய சட்டைத் துணியில் விரல் மாதிரி இரண்டு பைகள் தைத்து, அரிசி நிரப்பி, காலையில் மைக்ரோவேவில் சூடாக்கி உள்ளே வைத்திருக்கிறார். மாமாவுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதையும் அப்போதுதான் சொன்னார். நடக்கும்போது முழுக் கையையும் பிடிக்க அவளுக்குக் கை போதாது, கடைசி இரண்டு விரல்களைத்தான் பிடித்துக்கொள்வாளாம். ஊரில் சண்டையின் கடைசி நாட்களில், நெஞ்சளவு தண்ணீரைக் கடக்கும்போது, ஷெல் விழுந்தபோதும் அப்படித்தான் பிடித்திருந்தாளாம்.

எனக்கு அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பள்ளி வாசலில் மணி அடித்தது. விரல்களிலிருந்து என் கையை எடுத்தேன்.

"விடாதை" என்றார் மாமா.

கை குளிரும் என்றுதான் சொல்கிறார் என்று நினைத்தேன். குளிரவில்லை என்று காட்ட இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடினேன்.