அண்ணன் அனுப்பிய போர்டு

அறுபதுகளின் கடைசியில், கடல் தாண்டிய தீவில் ஹேடோ குவார்ட்டர்ஸுக்கு வந்து எட்டாவது மாதம் என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "அடுத்த கப்பல் திரும்பும்போது நானும் அதுல ஊருக்குப் போறேங்க."

சண்டை ஒன்றும் இல்லை. அவர் துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். அக்கம்பக்கத்தில் வங்காளமும் தெலுங்கும், பொதுவுக்கு இந்தி. பகல் முழுக்க ஒரு தமிழ்க் குரல் காதில் விழாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. யார் என்ன கேட்டாலும் "ஹாங்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவேன்.

"ரேடியோ செஞ்சு தர்றேன், பொறு" என்றார். படாக் மரத்தில் பெட்டி தயாராகிவிட்டது. உள்ளே வைக்கும் போர்டு, அதாவது டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்த அட்டை, எது என்பதில்தான் ஒரு மாதம் போனது. சின்ன போர்டுக்கு உள்ளூர் நிலையம் மட்டும் கிடைக்கும். பெரியது சிற்றலையும் பிடிக்கும், கடல் தாண்டித் தமிழ் வரும். "போர்டு நோஞ்சானா இருந்தா மேல என்னத்த மாட்டியும் பிரயோஜனம் இல்ல" என்பார். கடைசியில் பெரியது என்று முடிவாயிற்று. அது வரும் கப்பல்வரை பொறுப்பதாக நானும் ஒப்புக்கொண்டேன்.

மதராஸில் ஜவுளிக்கடையில் இருந்த என் அண்ணனுக்கு எழுதுவது என் பொறுப்பு. போர்டின் நம்பரைத் துண்டுச் சீட்டில் இவர் எழுதித் தந்தார். எனக்குத்தான் திமிராயிற்றே, சீட்டெல்லாம் எதற்கு என்று நல்ல தமிழில் எழுதினேன்: 'அவருக்கு ரேடியோ போர்டு ஒன்று வேண்டும். சின்னதை அனுப்பிவிடாதே, பெரியதாகவே இருக்கட்டும்.'

கப்பல் வந்தது. பார்சல் ஆள் உயரம் இருந்தது. கப்பல்துறையிலேயே சாக்கைப் பிரித்தோம். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து: 'இங்கு ரேடியோ ரிப்பேர் செய்யப்படும்.' மாப்பிள்ளை கடை போடுகிறார் என்று பூரித்துப்போய், மூலைக்கு ஒரு தாமரைப்பூ வேறு வரையச் சொல்லியிருக்கிறான் அண்ணன்.

"நான் குடுத்த சீட்டு எங்க?"

"அஞ்சறைப் பெட்டியில."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. போர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். கப்பல் ஐந்து நாளில் திரும்பும். என் டிக்கெட் தயாராக இருந்தது.

வழியில் பக்கத்து வீட்டு வங்காளிக்காரர், "ரேடியோ கா துகான் கோலா கியா?" என்று போர்டைக் காட்டி என்னைக் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் பழக்கதோஷத்தில் நான் "ஹாங்" என்றேன். ரேடியோ கடை திறந்தாயிற்றா என்று கேட்டாராம்! மறுநாள் விடிந்ததும் இரண்டு செத்த ரேடியோக்களோடு வாசலில் நின்றார். ஒன்றைச் சரிசெய்து கொடு, இன்னொன்றை நீயே வைத்துக்கொள் என்றார்.

எதை வைத்துக்கொள்வது? சின்ன போர்டு உள்ளதில் ஒரு கம்பிதான் அறுந்திருந்தது. பெரியதில் பாதி கருகியிருந்தது. இவர் சின்னதைச் சரிசெய்து அவரிடம் கொடுத்துவிட்டு, கருகியதை எடுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பது நாலே நாள்!

நாலாம் நாள் அதற்கு உயிர் வந்தது, ஆனால் கொசு முனகுவது போல. ஆறு வோல்ட் போர்டுக்குத் துணிந்து ஒன்பது வோல்ட் கொடுத்தார். சத்தம் எழுந்தது, டிரான்சிஸ்டரும் தோசைக்கல்லாய்க் கொதித்தது. என் புதுப் பவுடர் டப்பாவை வெட்டி, சூடு இறங்க அதன்மேல் செருகினார். "அதையும் கெடுத்தாச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தபோதுதான், கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல் துளி அவசரமில்லாமல் சொன்னது: "நேரம் ஆறு மணி."

அழுதுவிட்டேன். மணியை யாராவது தமிழில் சொல்வது இவ்வளவு பெரிய விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தகர போர்டை அன்றே வாசலில் மாட்டச் சொன்னேன்.

மறுநாள் கப்பலில் என் கடிதம் மட்டும் போயிற்று: 'அண்ணா, நீ அனுப்பிய போர்டு நன்றாக வேலை செய்கிறது.'